ஆச்சியின் தலையணையும் சௌரிராஜனின் சவ்வும்

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறைக்கு அடுத்த கட்டடம் வேதியியல் துறை. அங்கே பணியாற்றும் நண்பர் ஒருவர், சென்ற பருவத்தில் அறிவியல் தமிழ்க் கருத்தரங்கொன்றுக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பூச்சிட்ட சவ்வுகள் என்பது பொருள். ‘சவ்வு’ என்றே எழுதலாமா, ‘மென்படலம்’ என்று எழுதினால்தான் மதிப்பா என்று கேட்டு வந்தார். சவ்வு மிட்டாய் தின்று வளர்ந்தவர்கள் நாம், சவ்வுக்கு என்ன குறை என்றேன். பள்ளிப் பாடநூல்களே சவ்வூடு பரவல், எதிர்ச் சவ்வூடு பரவல் என்று எழுதிப் பழக்கிவிட்டன. சொல் அன்றே தீர்ந்தது. பொருள் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கிணறு.

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் மெல்லச் செவலாக மாறத் தொடங்கும் ஓர் எல்லையில் எங்கள் புஞ்சை இருந்தது. கிணறு எழுபதடி ஆழம். கமலை இறைத்த காலத்தை நான் பார்த்ததில்லை. கமலைக்காலின் கல்தூண்கள் மட்டும் மிச்சமிருந்தன. நான் பார்த்தது ஆயில் எஞ்சின். எஞ்சினை ஏன் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி வைக்கிறார்கள் என்பது சிறுவயதில் எனக்குப் புதிர். உறிஞ்சு பம்பு இருபது இருபத்தைந்து அடிக்குமேல் தண்ணீரை உறிஞ்சாது, ஆகையால் தண்ணீர் இறங்க இறங்க எஞ்சினும் இறங்க வேண்டும் என்பதை இயற்பியல் பாடம் பின்னால் சொல்லித் தந்தது. அவ்வாறு இறங்கிய எஞ்சின் தண்ணீருக்கு மேலேயே அமர்ந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் கக்கிக்கொண்டிருக்கும். வெயில் உச்சிக்கு வந்து கதிர் செங்குத்தாக விழும் அரைமணி நேரம், கிணற்றுத் தண்ணீரில் வானவில் மிதக்கும். சிறுவர்களாகிய எங்களுக்கு அது வேடிக்கை.

1980களின் இறுதியில் ஒரு சித்திரை மாதம். ஐந்து லிட்டர் டீசல் கேனோடு படியிறங்கிய அப்பாவின் கால் இடறியது. அப்பா தப்பினார். கேன் தப்பவில்லை.

ஐந்து லிட்டர் என்பது ஒரு கிணற்றின் பரப்பில் எவ்வளவு என்பதை அன்றுதான் பார்த்தேன். மாடுகள் தொட்டியருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பின. “எண்ணெ பட்ட தண்ணிய மாடு மோந்து பாக்கிறதே பெரிசு” என்றார் ஆச்சி. முதலில் பழைய வேட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அது தண்ணீரைக் குடித்து மூழ்கிற்று. பிறகு ஆச்சி வீட்டுக்குள் போய்த் தம் தலையணையைக் கொண்டுவந்து பிரித்தார். சொந்தப் புஞ்சையில் விளைந்து, கொட்டை நீக்கி அடைத்த பஞ்சு. அதை வலைபோன்ற வெங்காயச் சாக்கில் திணித்து இறக்கச் சொன்னார். பஞ்சு மூழ்கவில்லை. தண்ணீரின்மேல் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. மேலே இழுத்துப் பிழிந்தால் வந்தது டீசல், தண்ணீர் மிகக் குறைவு. இரண்டு தலையணை காலியானது. கிணற்றின் மேற்பரப்பில் வானவில்லும் பெரும்பாலும் காலியானது.

அத்தோடு நின்றிருக்கலாம். விளிம்பில் எஞ்சிய பிசுக்கைக் கழுவச் சலவைத்தூள் போடுங்கள் என்று யாரோ யோசனை சொன்னார்கள். போட்டார்கள். எஞ்சினை ஓட்டித் தண்ணீரை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். ஓட்டினார்கள். மாலைக்குள் கிணற்றுத் தண்ணீர் அரிசி களைந்த நீர்போல வெளுத்துவிட்டது. பிறகு எந்தப் பஞ்சும் அதனிடம் செல்லுபடியாகவில்லை. ஐப்பசி மழை வரும்வரை நாங்கள் குடிதண்ணீருக்கு அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்தோம்.

வேட்டி ஏன் தோற்றது, தலையணை ஏன் வென்றது, சலவைத்தூள் ஏன் கெடுத்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் நண்பரின் கட்டுரைப்பொருள் முழுவதும் விளங்கிவிடுகிறது. எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கிறது.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கத் தெரியாதவர்கள் அல்லர் நம்மவர்கள். கரிசலில் விளக்கெண்ணெய் காய்ச்சும் முறையே ஒரு பிரித்தெடுப்பு. ஆமணக்கு முத்தை, எங்கள் பக்கத்துச் சொல்லில் கொட்டைமுத்தை, வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்க விடுவார்கள். எண்ணெய் மேலே கூடும். அகப்பையால் கோரி, கோர முடியாத மெல்லிய படலத்தைக் கோழி இறகால் ஒற்றி எடுத்து, மறுபடி அடுப்பேற்றுவார்கள். சடசடப்பு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று கணக்கு. செக்கில் எள் ஆட்டும்போதோ கருப்பட்டியும் கையளவு தண்ணீரும் தெளித்துத்தான் எண்ணெயைப் பிரிய வைப்பார்கள். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்து மண்டி அடியில் இறங்கும்வரை காத்திருப்பார்கள். இந்த முறைகளுக்கெல்லாம் அடிப்படை பொறுமை. எண்ணெய் இலேசானது, ஆகவே மிதக்கும், பொறுத்திருந்தால் வந்துவிடும்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டென்பதை 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கணக்காகவே எழுதிவிட்டார். துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் அது மேலேறும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். தண்ணீரைவிடப் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்த ஓர் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளி, அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஏற ஏறக்குறைய அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். நூறில் ஒரு பங்கு என்றால் இரண்டு நாள். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஏழு மாதம். அதற்கும் கீழே போனால் துளி ஏறுவதையே மறந்து, தண்ணீர் மூலக்கூறுகளின் இடிபாட்டில் அலைந்துகொண்டே இருக்கும். எங்கள் கிணற்றில் சுழன்ற பம்பு டீசலைப் பொடியாக்கியது. சலவைத்தூள் அந்தப் பொடித்துளி ஒவ்வொன்றையும் சுற்றி அமர்ந்து, ஒன்றோடொன்று சேரவிடாமல் காவல் காத்தது. வேதியியலார் இதைப் பால்மம் என்கிறார்கள். பாலும் இதே அமைப்புதான்: தண்ணீரில் சிதறிய கொழுப்பு. ஆகவே கிணறு பால்போல வெளுத்ததில் வியப்பில்லை.

வேட்டிக்கும் தலையணைக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கரிசலின் சொந்தப் பயிரிடம் போகவேண்டும். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரிப் பயிர்களுக்காக நாட்டில் எழுந்த பழைமையான நிலையங்களில் ஒன்று. கருங்கண்ணிப் பருத்தியின் தேர்ந்த இரகங்கள் பல அங்கிருந்து வெளிவந்தன. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போன பஞ்சில் கருங்கண்ணிக்கும் உப்பம் பருத்திக்கும் பங்குண்டு. கம்போடியாப் பருத்தி வந்து நீண்ட இழையால் அவற்றின் மதிப்பைக் குறைத்தது பின்கதை. எந்தப் பருத்தியானாலும் ஓர் இயல்பு பொது. செடியிலிருந்து எடுத்த இழையின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. அந்த மெழுகு தண்ணீரை அண்டவிடாது, எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஆலையில் காரம் சேர்த்து வேகவைத்து மெழுகைக் கழற்றிவிட்டால் அதே இழை தண்ணீரை மடமடவென்று குடிக்கும். மருந்துக்கடையில் விற்கும் பஞ்சு அப்படி வேகவைத்ததுதான். வெளுத்த வேட்டி மெழுகு இழந்த பருத்தி. ஆச்சியின் தலையணை மெழுகு இழக்காத பருத்தி.

டெக்சஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமார் குழுவினர், நூற்பாலைக்கு அவ்வளவாக ஆகாத, முதிராத இழைகொண்ட பருத்தியைக் கச்சா எண்ணெயில் இட்டுச் சோதித்தார்கள். தன் எடையைப்போல் முப்பது மடங்குக்கு மேல் அது எண்ணெய் குடித்தது. மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் நேர்ந்த பெருங்கசிவுக்குப் பின் இத்தகைய ஆய்வுகளுக்கு மதிப்புக் கூடியது. இலவம் பஞ்சும் எருக்கம் பஞ்சும் இதே குணமுள்ளவை. உள்ளீடற்ற இழை, மேலே மெழுகு. எருக்கு முளைக்காத கரிசல் வரப்பு ஏது!

இனிச் சவ்வின் வரலாறு. அது 1748இல் பாரிசில் ஒரு பன்றியின் சிறுநீர்ப்பையில் தொடங்குகிறது. அபே நொல்லே என்ற பாதிரியார் மதுச்சாரம் நிறைந்த குப்பியின் வாயைப் பன்றிப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் பை வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே நுழைகிறது, சாரமோ அதே அளவில் வெளியேற இயலவில்லை. ஒரு தோல் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்கிறது என்ற கண்டுபிடிப்பு அதுதான். பிறகு நூறாண்டுக்குமேல் இது ஆய்வகத்துப் புதிராகவே இருந்தது. 1861இல் தாமஸ் கிரகாம் கூழ்மங்களைப் பிரிக்கத் தோல்தாளைப் பயன்படுத்தினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் வாண்ட் ஹாஃபுக்குக் கிடைத்தபோது, கரைசல்களின் சவ்வூடு அழுத்தம் பற்றிய அவரது விதியும் அந்தப் பாராட்டில் இடம்பெற்றது. கோவில்பட்டியில் பருத்தி நிலையம் திறந்த அதே ஆண்டு. இதற்கும் அதற்கும் தொடர்பொன்றும் இல்லை. ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தமிழாசிரியர்களின் கெட்ட பழக்கம்.

புதிரைக் கருவியாக்கியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் ஸ்ரீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரை எதிர்ச் சவ்வூடு பரவலின் வரலாற்றில் முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிறு அதிர்ச்சி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சாமுவேல் யூஸ்டர் என்ற பேராசிரியரின்கீழ், 1950களின் பிற்பகுதியில், உப்புநீரைக் குடிநீராக்கும் முயற்சி நடந்தது. உப்பைத் தடுக்கும் சவ்வு ஏற்கெனவே உண்டு. ஃபுளோரிடாவில் ரீட் என்பவர் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளால் செய்து காட்டியிருந்தார். ஆனால் அதன் வழியே தண்ணீர் கசிந்த வேகத்தில் ஒரு குடும்பத்துக்குத் தாகம் தீராது.

சௌரிராஜனும் லோபும் கடையில் கிடைத்த ஆயத்த வடிசவ்வை வெந்நீரில் வேகவைத்துத் துளைகளைச் சுருக்கிப் பார்த்தார்கள். ஒருநாள் உப்பு நிற்கும். மறுநாள் அதே சவ்வில் நிற்காது. குழம்பிப்போய்ப் பார்த்தால், சவ்வைத் திருப்பி வைத்ததுதான் காரணம். பார்வைக்கு ஒரே தாள். அதன் ஒரு முகம் நெருக்கமானது, மறுமுகம் புரைகள் நிறைந்தது. நெருக்கமான முகம் உப்புநீரை நோக்கி இருந்தால்தான் வேலை நடக்கும். அங்கே அவர்களுக்கு வழி திறந்தது. தடுக்கும் வேலையைச் செய்வது மிக மெல்லிய மேல்தோல் மட்டும். மற்றதெல்லாம் அந்தத் தோலைத் தாங்கும் உடம்பு. தோலை எவ்வளவு மெலிதாக்க முடியுமோ அவ்வளவு மெலிதாக்கி, உடம்பைப் புரைப்புரையாக விட்டுவிட்டால் தண்ணீர் பல மடங்கு வேகமாக இறங்கும். அத்தகைய சவ்வை அவர்களே வார்க்கக் கற்றார்கள். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 காலன் குடிநீர் தந்தது. கோலிங்கா எண்ணெய்க் கிணறுகளின் ஊர். நிலத்தடி நீர் உவர்ப்பு. முன்பு குடிநீர் இரயிலில் வந்துகொண்டிருந்ததாம். கோவில்பட்டிக்காரன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி குழாயில் வரும் நாளை எண்ணியே வளர்ந்தவர்கள் நாங்கள். லோப் பிற்பாடு இசுரேலுக்குப் போனார், சௌரிராஜன் கனடாவின் ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆய்வு மன்றத்துக்குப் போனார். 1970இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் முதல்நூல்களில் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செல்லுலோஸ் அசிட்டேட் வானத்திலிருந்து வரவில்லை. மரக்கூழிலிருந்தும், ஜின்னிங் ஆலையில் பஞ்சு கழித்தபின் பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சிலிருந்தும் அதைச் செய்கிறார்கள். நாம் கழிவென்று எண்ணும் அந்தப் பூம்பஞ்சுக்கு இப்படியொரு பிறவி.

1970களின் இறுதியில் ஜான் கேடோட் என்ற அமெரிக்கர் ஒரு படி மேலே போனார். தோலும் உடம்பும் ஒரே பொருளாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று, புரையுள்ள ஒரு நெகிழித் தாளின்மேல் பாலியமைடுத் தோலொன்றைத் தனியே பூசினார். தலைமுடியின் பருமனில் சில நூறில் ஒரு பங்குதான் அந்தப் பூச்சு. இன்று கோவில்பட்டித் தெருக்களில் ஆட்டோவில் வரும் கேன் தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பூச்சின் வழியே வடிந்ததே. பூச்சிட்ட சவ்வு என்பது ஆய்வகத்து அதிசயம் அன்று. நம் அடுப்படிக்கு வந்து சில பத்தாண்டுகள் ஆகின்றன.

அப்படியானால் எண்ணெய்க் கழிவுநீரையும் அதே சவ்வில் விட்டால் என்ன? சவ்வு செத்துப்போகும். எண்ணெய் அதன் முகத்தில் அப்பிக்கொண்டு துளைகளை அடைத்துவிடும். துளையைச் சிறிதாக்கினால் மட்டும் பயனில்லை; துளையின் உதடு எதை விரும்புகிறது, எதை ஒதுக்குகிறது என்பதே கேள்வி. இங்கேதான் சவ்வின் வரலாறு ஆச்சியின் தலையணையோடு வந்து சேர்கிறது.

தாமரை இலைத் தண்ணீர் என்பது நம் பேச்சில் பழகித் தேய்ந்த உவமை. அந்த இலை எப்படி நனையாமல் இருக்கிறது என்பதை பான் பல்கலைக்கழகத்தின் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்ட்லாட், நைன்ஹூயிஸ் என்பவரோடு சேர்ந்து 1997இல் விளக்கி எழுதினார். இலையெங்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள், மேடுகளின்மேல் மெழுகுத் துணுக்குகள். தண்ணீர்த் துளி மேட்டு நுனிகளில் மட்டும் உட்கார்ந்து, அடியில் காற்று நிற்க, உருண்டு போய்விடுகிறது. மெழுகு மட்டும் போதாது, கரடும் வேண்டும். 2004இல் பெய்ஜிங்கில் லெய் ஜியாங் குழுவினர் இதைத் துருப்பிடிக்காத எஃகு வலையில் செய்து காட்டினார்கள். சல்லடை போன்ற வலையின்மேல் டெஃப்லான் பூச்சு. அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் முத்தாக நிற்கிறது. டீசலை ஊற்றினால் நொடியில் கீழே இறங்குகிறது. அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட எண்ணெய் டீசல் என்று நண்பர் சொன்னபோது, எனக்குக் கிணற்றுப்படியும் கேனும் கண்முன் வந்து நின்றன.

இந்த வலைக்கும் குறையுண்டு. தண்ணீர் கனமானது, அடியில் போய் வலையை மூடிக்கொண்டு எண்ணெய்க்கு வழியை மறைக்கும். எண்ணெயை விரும்பும் வலை நாளடைவில் எண்ணெய்ப் பிசுக்கேறிச் சோரும். ஆகவே பிற்காலத்தார் முறையைத் தலைகீழாக்கினார்கள். மீன் எண்ணெய் படர்ந்த நீரில் நீந்தினாலும் அதன் செதிலில் எண்ணெய் ஒட்டுவதில்லை. செதில் தன்மேல் தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் எண்ணெய்க்கு இடமில்லை. பலாச்சுளை எடுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, பால் ஒட்டாமல் இருக்க, அதே தந்திரத்தின் மறுபக்கம். முன்பே ஒருவர் குடியேறிவிட்ட வீடு. ஜியாங் குழுவினரே 2011இல், தண்ணீரை ஊறவைத்துக்கொள்ளும் கூழ்ப்பூச்சிட்ட வலையைச் செய்தார்கள். அது தண்ணீரை விடும், எண்ணெயை மேலே நிறுத்தும். பால்மத்துக்கு வலைக்கண் பெரிது. அதற்குத் துளிகளைவிடச் சிறிய துளையுள்ள சவ்வில் இதே நீர்விரும்பும் பூச்சு வேண்டும். சுட்ட மண்ணின் இனத்தைச் சேர்ந்த பீங்கான் சவ்வுகள் இதற்கு உகந்தவை. விலைதான் உகந்ததன்று.

பூச்சுகளைப் புகழ்ந்துவிட்டு ஒன்றை மறைக்கக்கூடாது. டெஃப்லான் வகைப் பொருள்களைச் செய்ய நெடுங்காலம் பயன்பட்ட ஒரு ஃபுளூரின் அமிலம், மண்ணிலும் உடலிலும் அழியாமல் தங்குவதால் 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தண்ணீரைக் காக்கும் தோல் தண்ணீருக்கே பகையாகிவிடக்கூடாது என்று, மெழுகிலும் பருத்தியிலும் களிமண்ணிலும் பூச்சு தேடுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள்.

இவ்வளவு அறிவும் கையில் இருந்த காலத்தில் நடந்தவை என்ன? 2017 சனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கப்பலின் எரிபொருளான கனத்த எண்ணெய் கடலில் கலந்தது. முதலில் அளவைக் குறைத்துச் சொன்னார்கள். பின்னர் அது நூறு டன்னைத் தாண்டியது தெரிந்தது. அலை அதைக் கடைந்து தண்ணீரோடு பிசைந்து களியாக்கிவிட, இளைஞர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளியாலும் கையாலும் அள்ளிய படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை மூடியபோதும் அதே குவளை, அதே கை.

எனக்கு அதைவிடக் கனமாகத் தோன்றுவது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். யாழ்ப்பாணத்துக்கு ஆறில்லை, சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் தங்கும் மழைநீர்தான் குடிநீர், கிணறுதான் உயிர். நாம் கமலை இறைத்ததுபோல் அவர்கள் துலாவில் இறைத்தவர்கள். அங்கே மின்நிலையத்தை அடுத்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கண்டது 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தது. ஊருக்கு வண்டியில் தண்ணீர் வந்தது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் தனியார் மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பாறையின் பொந்துக்குள் புகுந்த எண்ணெயை எந்தத் தலையணையால் ஒற்றி எடுப்பது? எடுத்த தண்ணீரை வேண்டுமானால் சவ்வு வடித்துத் தரும். பாறைக்குள் இருப்பதை அதனால் தொட முடியாது. சவ்வு இருக்கவேண்டிய இடம் கிணற்றடி அன்று; எண்ணெய் வெளியேறும் குழாயின் வாய். கிணற்றடியில் சவ்வு வைக்கும் நிலை வந்துவிட்டதென்றால் அங்கே ஏற்கெனவே ஏதோ ஒன்று தோற்றுப்போய்விட்டது.

நண்பரோடு ஒரு மாலை நெடுஞ்சாலை ஓரமாக நடந்தேன். வாட்டர் சர்வீஸ் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. லாரியின் அடிவயிற்றில் அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சி, சோப்பு நுரை பூசி, மறுபடி பாய்ச்சுகிறார்கள். எங்கள் கிணற்றில் அன்று நடந்தது இங்கே நாள்தோறும், கண்ணெதிரே: பம்பும் சலவைத்தூளும் டீசலும். வெளுத்த நீர் ஓடைக்கு இறங்குகிறது. ஓடை கண்மாய்க்குப் போகிறது. கண்மாய் அழிந்த கதையைச் சோ. தர்மன் ‘சூல்’ நாவலாக்கி, 2019இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார்; அந்த நாவலின் நிலம் இங்கிருந்து தொலைவில்லை. கோடையில் கரிசல் ஆளை விழுங்கும் வெடிப்புவிடும். மழை பெய்து மண் உப்பி வெடிப்பு மூடும்வரை, மேலே ஓடுவதெல்லாம் அந்த வழியாக அடியிலுள்ள சுக்கான்வரை இறங்கலாம். கரிசல் வெடிப்புக்கு மேல்தோல் கிடையாது. நண்பர் ஒரு குப்பியில் அந்த ஓடைநீரைப் பிடித்துக்கொண்டார், ஆய்வகத்தில் தம் வலையின்மேல் ஊற்றிப் பார்க்க.

கட்டுரைக்குச் சொல் தேடியது கடைசியில் இன்னொரு சிக்கலில் வந்து நின்றது. தண்ணீரை ஒதுக்கும் பூச்சு, எண்ணெயை ஒதுக்கும் பூச்சு என்னும் இரண்டுக்கும் ‘நீர்வெறுப்பி’, ‘எண்ணெய்வெறுப்பி’ என்று எழுதியிருந்தார். தாமரை இலைக்குத் தண்ணீர்மேல் என்ன வெறுப்பு, அது தண்ணீரிலேயே பிறந்தது அல்லவா என்றேன். ‘நீர் அண்டாச் சவ்வு’, ‘எண்ணெய் அண்டாச் சவ்வு’ என்று மாற்றச் சொன்னேன். எழுதிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். கல்யாண வீட்டு அண்டா என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்களே என்றார். கருத்தரங்கில் எப்படிப் படித்தாரோ, மலர் அச்சாகி வந்தால்தான் தெரியும்.